அன்று வண்டி ஏன் நின்றது

கண்ணு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நம் சொந்தக்காரர்கள் நாற்பது பேராவது இதைப் படித்திருப்பார்கள். தவறிப்போய் அப்படி ஆகவில்லை, வேண்டுமென்றேதான் செய்கிறேன். நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். "பெத்த பையனுக்குச் சொல்றத அவங்கிட்ட போன்ல சொன்னா ஆகாதா? ஊரக் கூட்டித்தான் சொல்லோணுமா?" என்று உன் அத்தா, என் வீட்டுக்காரர், கேட்டார். ஆகாது என்றேன். நான் உன்னைப் பழித்தது தெருவறிய. அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதை மட்டும் காதோடு காதாகச் செய்தால் அது எந்த ஊர் நியாயம்? நீ கட்டிக்கொள்ளப் போகும் நஸ்ரினின் வீட்டாரும் படிக்க வேண்டும் என்பதால், உனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் நிச்சயம் முடிந்து பதினோரு நாள் ஆகிறது. இந்தப் பதினோரு நாளும் நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. செக்கிங் மேசையில் ஒரு பனியனை விரித்துப் பாதி பார்க்கும்போதே எழுந்து வாசலுக்குப் போகிறேன். நம் பழைய வேனின் முன் சீட்டைத் தூக்குகிறேன். அதற்கு எஞ்சின் அங்கேதான், ஓட்டுபவரின் தொடைக்குக் கீழே. ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்கிறேன். சீராக ஓடிக்கொண்டிருப்பது திடீரென்று மூச்சு வாங்குவதுபோல் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கால் சுற்றுத் திருப்புகிறேன், சரியாகிறது. உள்ளே வந்து கை கழுவுவதற்குள் மறுபடி இறங்குகிறது. திரும்பப் போகிறேன். நேற்று மட்டும் ஏழு தடவை. உண்மையைச் சொன்னால் நான் அங்கே போவது வண்டிக்காக இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதற்குக் கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருக்கிறது.

வேலம்பாளையத்தில் நம் வீட்டு முன்னறையில் நாலு மேசை. கம்பெனிகளில் தைத்து முடித்த பனியன்களை உன் அத்தா வேனில் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். நானும் மூன்று பெண்களும் ஒவ்வொன்றாக விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, விளிம்புகளில் தொங்கும் நூலை நறுக்குவோம். அந்தத் தொங்கும் நூலுக்குப் பெயர் பிசிறு. இருபத்தாறு வருஷமாக எனக்குச் சோறு போட்டது அதுதான். கை நீட்டும் தூரத்தில் ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்தால், எந்த மூலையில் பிசிறு தொங்குகிறது என்று என் கண் தானாகப் போய் நிற்கும். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள். கதையில் இது தேவைப்படும்.

நான் ஏன் வண்டியில் கை வைத்தேன் என்று உனக்கு ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் எங்கள் பள்ளியிலேயே நான்தான் முதல். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகிற படத்தை நான் கரும்பலகையில் வரைந்ததை டீச்சர் இரண்டு நாள் அழிக்காமல் வைத்திருந்தார். பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்று விண்ணப்பம்கூட எழுதி வைத்திருந்தேன். அதற்குள் உன் அத்தாவைப் பேசி முடித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வருத்தம் இருந்தது. பிறகு ஒருநாள் இந்த மூன்றாம் கை வேன் வீட்டுக்கு வந்தது. அதன் டாஷ்போர்டில் சாமான் வைக்கும் அறையில் ஒரு புத்தகம், கம்பெனி கொடுத்த பராமரிப்புப் புத்தகம், முழுக்க ஆங்கிலம். மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த உன் அத்தாவிடம் "இது எனக்கு" என்று வாங்கிக்கொண்டேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் படித்தேன். தெரியாத சொற்களை நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன். படங்களை வரைந்து பாகங்களைக் குறித்தேன். மெக்கானிக் "இந்த வண்டிக்கெல்லாம் இப்ப யாருங்க்கா ஸ்பேர் வெச்சிருக்காங்க? பேசாம வித்துப்போடுங்க" என்று சொன்னபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இனி நானே பார்க்கலாம்.

புத்தகத்தில் எல்லாம் எளிதாகத்தான் இருந்தது. 'நான்கு திருகுகளைக் கழற்றவும்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. முதல் திருகின் தலை தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. இரண்டாவது கழன்றது, கழன்ற வேகத்தில் எஞ்சினுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் விழுந்தது. கையை விட்டால் மணிக்கட்டு வரைதான் போகிறது. கடைசியில், தையல் யூனிட்டில் உடைந்த ஊசியைத் தேடுகிற காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி உள்ளே விட்டு எடுத்தேன். உன் அத்தா தின்பண்டம் மென்றுகொண்டே வேடிக்கை பார்த்தார். "ஏனுங்க டாக்டரம்மா, பேசண்ட்டு பொழைப்பாருங்களா? சொந்தக்காரங்களுக்குச் சொல்லி உட்ரலாங்களா?" என்றார். அன்றிலிருந்து தெருவில் எனக்கு மெக்கானிக்கம்மா என்று பெயர். கிண்டலாகத்தான் வைத்தார்கள். எனக்கு அது பட்டம் வாங்கியதுபோல் இருந்தது.

இப்போது அந்தத் துணிக்கு வருகிறேன். கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். அதன் அடியில் பெட்ரோல் தங்கும் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு பித்தளைத் துளை வழியாகத்தான் பெட்ரோல் மேலே போகும். துளை என்றால் ஊசிமுனை அளவு. கிண்ணத்தை எப்படித் துடைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. அகராதியைப் பார்த்து நான் என் நோட்டில் இப்படி எழுதினேன்: 'பிசிறு இல்லாத துணியால் துடைக்கவும்.' அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கோ தூர தேசத்தில் அச்சான புத்தகம், வேலம்பாளையத்துக்காரியிடம் பிசிறைப் பற்றிப் பேசுகிறது! நம் வீட்டில் பனியன் வெட்டிய வேஸ்ட் துணி சாக்குச் சாக்காக இருக்கும். அதில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்தேன். நூல் வெட்டும் நறுக்கியை எடுத்து அதன் நாலு ஓரத்திலும் தொங்கிய நூலையெல்லாம் ஒன்று விடாமல் வெட்டினேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சரக்கு வாங்க வரும் எந்த பையரும் குறை சொல்ல முடியாது. அந்தத் துணியால் கிண்ணத்தைத் துடைத்தேன். வெட்டிய ஓரத்திலிருந்து கண்ணில் எளிதில் படாத பஞ்சிழை உதிரும் என்பதோ, புத்தகம் சொன்னது அந்தப் பிசிறைத்தான் என்பதோ எனக்குத் தோன்றவே இல்லை. என் தொழிலில் பிசிறு என்றால் தொங்கும். தொங்காதது பிசிறே இல்லை.

அதற்குப் பிறகுதான் வண்டி அந்தப் பழக்கத்தைப் பிடித்தது. சமதரையில் நன்றாக ஓடும். ஏற்றம் வந்தால் இருமும், இழுக்கும், நின்றுவிடும். பத்து நிமிஷம் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். நின்றே கிடந்தாலாவது பழுதைத் தேடலாம். நான் சீட்டைத் தூக்கிப் பார்க்கிற நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கிற வண்டியை என்ன செய்வது? பிளக்கை மாற்றினேன். பெட்ரோல் வடிகட்டியை மாற்றினேன். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன். எந்த நாள், எந்த ஏற்றம், எத்தனை மூட்டை என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கார்புரேட்டரைக் கழற்றி, மறக்காமல், பிசிறு வெட்டிய புதுத் துணியால் துடைத்தேன். எவ்வளவுக்கு எவ்வளவு துடைத்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு அடிக்கடி நின்றது. உன் அத்தா, "நீ கை வெக்காம உட்டா ஓடுமோ என்னமோ" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை.

அது நான்கு வருஷத்துக்கு முன். அந்தச் சமயத்தில்தான் நீ கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வெளிநாட்டு பையரிடம் நீயே நேராகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய முதல் சாம்பிள். கம்பெனி வண்டி வேறெங்கோ போய்விட்டது. ஆட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்ட மேனேஜரிடம் நீ என்ன சொன்னாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "வேண்டாங்க சார், எங்க ஊட்டு வேன் இருக்குது. எங்கம்மா சர்வீஸ் பண்ற வண்டி." அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்துவிடுகிறேன். இந்த இடத்தை எழுதும்போதுகூட ஒருமுறை எழுந்து போய்விட்டுத்தான் வந்தேன். அவிநாசி போகும் வழியில் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றது. பின்னால் பஸ்கள் ஆரன் அடிக்க, நீ தனியாகத் தள்ளி ஓரம்கட்டினாய். நீ போய்ச் சேர்ந்தபோது அவர்கள் விமானத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். கம்பெனியில் உன்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

அன்று மத்தியானம் நீ வேனை வாசலில் நிறுத்தி இறங்கினாய். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேசைப் பெண்கள் எல்லோரும் சோற்றுத் தட்டோடு வாசலில் இருந்தார்கள். எதிர்வீட்டார் இருந்தார்கள். என் அக்கா, அதுதான் உன் பெரியம்மா, தன் மகனோடு வந்திருந்தாள். "என்னாச்சு?" என்று உன் அத்தா கேட்டார். "ஏத்தத்துல நின்னுருச்சுங்கத்தா" என்றாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. நான் சொன்னேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மெக்கானிக்கம்மாவின் வண்டி அல்லவா?

"காத்தால சோக்க இழுத்து ஸ்டார்ட் பண்ணியிருப்ப, அப்பறம் தள்ளி உட மறந்திருப்ப. பெட்ரோல் ரொம்பி அடச்சிருக்கும். எத்தன வாட்டி சொல்லியிருக்கறேன்? கவனம்னு ஒண்ணு இருக்குதா உனக்கு? கழுத்துல டை கட்டுனாப் போதுமா?"

"தள்ளி உட்டேனுங்கம்மா."

"பேசாத. நான் துடைச்சு வெச்ச வண்டி அது. நேத்துத்தான் துடைச்சேன்."

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் வேலை செய்கிற செல்விதான் குறுக்கே வந்தாள். "எக்கா, பிள்ளைய ஏன் போட்டு இந்த ஏச்சு ஏசுதிய? வெயில்ல வந்து நிக்கான், தண்ணி குடுங்க மொதல்ல" என்றாள். நான் கேட்கவில்லை. சோக் என்பது குளிரில் எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் குமிழ், அதை மறந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். நன்றாக நடத்தினேன் போலிருக்கிறது. பெரியம்மா மகன் கையைத் தட்டிச் சிரித்தான். "டை கட்டுன சோக்கு, சோக்க மறந்துட்டாரு!" என்றான். அன்றிலிருந்து நீ சோக்கு. பெருநாளுக்குப் போனால் "சோக்கு வந்தாச்சா?" வாட்ஸ்அப் குழுவில் நீ படம் போட்டால் கீழே "சோக்கு சூப்பர்." அழகாக உடுத்துகிறவன் என்று ஒரு பொருளும், மறதிக்காரன் என்று ஒரு பொருளுமாக அந்தப் பெயர் உன்மேல் ஒட்டிக்கொண்டது. நீ ஒருமுறைகூடக் கோபப்படவில்லை. அதன்பின் வேன் சாவியையும் நீ தொடவில்லை.

ஆறு நாள் கழித்து எனக்குத் தெரிந்துவிட்டது. இதுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது. மேலே எழுதியதெல்லாம் இதற்கு வருவதற்கான சுற்றுவழி. ஞாயிற்றுக்கிழமை காலை, சாயங்காலத்து அஸர் தொழுகை வரைக்கும் யாரும் வரமாட்டார்கள் என்று நிதானமாகக் கார்புரேட்டரை வாசலில் வைத்துப் பிரித்தேன். அந்தப் பித்தளைத் துளையைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு கோடு. ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்கும் இடுக்கியால் பிடித்து இழுத்தேன். அரை விரல்கடை நீளத்துக்கு ஒரு இழை வந்தது. நீல நிறம். நகத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த மாதம் முழுவதும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைச் சட்டைகளின் ராயல் ப்ளூ. நிறத்தில் அரை மாற்று வந்தாலும் பிரித்து வைக்கிற கண் இது, ஏமாறாது. சாக்கிலிருந்து நான் எடுத்த துணி, நான் ஓரம் வெட்டிய துணி. சமதரையில் கிண்ணத்தில் மிதக்கும். ஏற்றத்தில் எஞ்சின் பெட்ரோலை வேகமாக உறிஞ்சும்போது துளையில் போய் ஒட்டும். வண்டி நின்றால் உறிஞ்சுவது நின்று, விலகி மிதக்கும். என் கட்டம் போட்ட நோட்டில் இருந்த எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரே இழை பதில் சொல்லிவிட்டது. நீ சோக்கைத் தள்ளித்தான் விட்டிருந்தாய்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். நான் செய்தது வேறு. இழையை விரலால் உருட்டி மண்ணில் போட்டேன். கிண்ணத்தை உன் அத்தாவின் பழைய கைக்குட்டையால் துடைத்து, சைக்கிள் பம்பால் காற்று அடித்து, மாட்டினேன். அதற்குப் பிறகு ஏற்றத்தில் வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. "என்ன பண்ணுன?" என்று அத்தா கேட்டார். "பிளக்க மாத்துனேன்" என்றேன். நோட்டில்கூட அப்படித்தான் எழுதினேன். வேறு யாரும் படிக்காத என் சொந்த நோட்டில்! அந்தப் பக்கத்தை இப்போது பார்த்தால் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று இந்தப் பதினோரு நாளில் பலவிதமாக யோசித்துவிட்டேன். ஒரு மாதம் போனால் பெயர் தானாக உதிர்ந்துவிடும் என்று நினைத்தேன் என்பது ஒன்று. நீ பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டாய், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது இன்னொன்று. இரண்டும் பொய் இல்லை, ஆனால் இரண்டும் காரணம் இல்லை. பாலிடெக்னிக் போகாதவளுக்கு அந்த வண்டிதான் பட்டம். அதை வைத்துக்கொள்ள ஓர் ஆள் மறதிக்காரனாக வேண்டியிருந்தது. நீ எதிர்த்துப் பேசாத பிள்ளை, பக்கத்தில் இருந்தாய். எழுதும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது பார். நான்கு வருஷம் நான் இதை இப்படிச் சொல்லில் வைத்துப் பார்க்கவே இல்லை.

பிறகு உன் நிச்சயம். தாராபுரத்தில் நஸ்ரின் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது பெரியம்மா மகன் ஆரம்பித்தான். "எங்க சோக்கு மாப்பிள்ளையோட கத தெரியுங்களா?" என்று பாலம், டை, சோக் எல்லாம் சொன்னான். என் வாக்கியங்களையே சொன்னான், நான் கையாட்டியதுபோல் கையாட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நஸ்ரினின் அத்தா மரியாதையாக, "அப்ப மாப்பிள்ளைங்களுக்கு வண்டி ஓட்டறது புடிக்காதுங்களா?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "எனக்கும் வண்டிக்கும் ராசி இல்லீங்க மாமா" என்றாய். உன் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. நீ நடிக்கவில்லை, நீ அதை நம்புகிறாய். நான் கையிலிருந்த ஃபிர்னிப் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அன்றுதான் எனக்குத் தெரிந்தது, நான் உன் தலையில் கட்டியது ஒரு மத்தியானத்துப் பழியை அல்ல. உன் கையை நீயே நம்பக் கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

போன வாரம் பெரியம்மா மக்காவுக்கு உம்ரா செய்யக் கிளம்புவதற்கு முன் வந்தாள். வழக்கம்போல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது பேசியிருந்தா மாப்புப் பண்ணிரு புள்ள" என்றாள். "நானும்தாங்க்கா" என்றேன். அவள் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. நீயும் கல்யாணத்துக்கு முந்தின நாள் சலாம் சொல்ல வருவாய். நானும் உன் தலையைத் தொட்டு, 'தெரிஞ்சோ தெரியாமலோ' என்று சொல்லிவிடலாம். நீயும் "என்னங்கம்மா இது" என்று சொல்லிவிடுவாய். முடிந்துவிடும். எவ்வளவு வசதி! ஆனால் அந்த இரண்டு சொல்லில் இரண்டாவது எனக்கு முழுக்கப் பொருந்தாது. முதல் ஆறு நாள் தெரியாமல். மிச்ச நான்கு வருஷமும் தெரிந்தே. மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதன் மன்னிக்காமல் அல்லாவும் மன்னிப்பதில்லை என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தார்கள். என்ன தப்பு என்றே சொல்லாமல் மன்னிப்பை வாங்கிப் போவது, மூட்டையைப் பிரிக்காமலே செக்கிங் முடிந்தது என்று எழுதி அனுப்புவதுபோல.

அதனால் முந்தாநாள் மேசையில் சொன்னேன். கையில் பனியனைப் பிடித்தபடியே சொன்னேன். நறுக்கிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. செல்விதான் முதலில் பேசினாள். "நாலு வருசமா இத வயித்துக்குள்ளயே வச்சிருந்தியளாக்கா? நான் ஒரு தையல் விட்டாலே தெரு முழுக்கக் கேக்கும்படி கத்துவிய!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ள அன்னைக்கு நீங்க உள்ள போனதும் எங்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, 'நெசமாத் தள்ளித்தாங்க்கா உட்டேன்'ன்னான். ஒரு தடவ இல்ல, மூணு தடவ சொன்னான்" என்றாள். எனக்கு இது தெரியாது. நீ உண்மையை ஒரு அந்நியப் பெண்ணிடம்தான் சொல்ல முடிந்திருக்கிறது.

உன் அத்தா வேறு விதமாக நடந்துகொண்டார். முதலில், "அப்ப நாங் கை வெக்காம உடச் சொன்னது கரெக்ட்டு!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எழுந்து போய் வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றார். திரும்பி வந்து, "நானுஞ் சிரிச்சேனல்ல, அவன் சோக்குன்னு கூப்புடறப்ப" என்றார். அவ்வளவுதான். அதையும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

கல்யாணமாகப் போகிறவனுக்கு அம்மாக்கள் நிறையச் சொல்வார்கள். பொறுமையாக இரு, விட்டுக்கொடு என்று. நீ அதில் எல்லாம் ஏற்கெனவே அளவுக்கு மேல் போய்விட்டாய். அதனால் நான் எதிர்ப்பக்கம் சொல்கிறேன். நஸ்ரின் உன்மேல் தப்பில்லாதபோது தப்பென்று சொன்னால், ஒரு தடவை 'இல்லை' என்று சொல்லிவிட்டு அடங்கிவிடாதே. இரண்டாம் தடவையும் சொல். அவள் கோபித்துக்கொண்டாலும் சொல். வீட்டில் ஒரு பழுது திரும்பத் திரும்ப வந்தால், கடைசியாக அதைச் சரி செய்தேன் என்று சொன்ன ஆள் யார் என்று பார். அது நீயாக இருந்தால் முதலில் உன் கையைப் பார். அவள் ஆசையாகப் படிக்க நினைத்தது ஏதாவது இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள். படிக்க முடியாமல் போனவர்கள் எதையாவது பிடித்துக்கொண்டு, அதில் தோற்கவே கூடாது என்று ஆகிவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது நல்லதில்லை.

நேற்று மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு நஸ்ரினின் அத்தாவுக்கு, அதாவது உன் மாமாவுக்கு, போன் செய்தேன். முழுவதும் சொன்னேன். நடுவில் அவர் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை, லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை "இருக்கறீங்களா?" என்று கேட்டேன். "கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றார். கடைசியில், "இத எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?" என்றார். "உங்க ஊட்ல வெச்சு அவனப் பத்திச் சொன்னது எம் பொய்யிங்க. உங்க ஊட்லயே எடுக்கோணும்" என்றேன். பிறகு, கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து உங்கள் இரண்டு பேரையும் வேலம்பாளையம் கூட்டிவர அவர் காருக்கு டிரைவர் ஏற்பாடு செய்திருப்பதாகவும், மாப்பிள்ளை ஓட்டமாட்டார் என்பதால்தான் செய்ததாகவும் சொன்னார். "அப்ப டிரைவர வேண்டாம்னு சொல்லிரட்டுங்களா?" என்று கேட்டார்.

பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. 'சொல்லிருங்க, என் மகன் ஓட்டுவான்' என்று. நான்கு வருஷத்துக்கு முன் வாசலில் உனக்காக நான் பதில் சொன்ன அதே வேகத்தில் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். "அத நான் சொல்லக்கூடாதுங்க. அவனையே கேளுங்க" என்றேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னை போனில் கூப்பிடுவார், அப்படித்தான் சொல்லி வைத்தார். நான் எதுவும் சொல்லித்தரப் போவதில்லை. நீ ஓட்டினாலும் எனக்குச் சரி, பின் சீட்டில் நஸ்ரினோடு உட்கார்ந்து வந்தாலும் சரி. என்மேல் உனக்குக் கோபம் வந்து இந்தக் கடிதத்துக்கு நீ பதிலே போடாவிட்டாலும், அந்தக் கோபம் உன்னுடையது, வைத்துக்கொள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் கேட்கும்போது ராசி என்று சொல்லாதே. ஓட்டப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். பயமாக இருக்கிறது என்றால் பயம் என்று சொல். ஏன் பயம் என்று அவர் கேட்டால், எங்கம்மா பொய் சொன்னார்கள் என்று சொல். யாராவது என்னிடம் வந்து கேட்டால், ஆமாம் என்று சொல்ல நான் இங்கே இருக்கிறேன்.

உன் அம்மா
வேலம்பாளையம்